ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு

ஏப்ரல் 18

மருந்துக் கம்பெனி ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாகக் கடை டிராயரில் கிடந்தது. எழுத இன்றுதான் ஒன்று வந்திருக்கிறது.

எனக்கு வங்கி வேலை கிடைத்துவிட்டது. கிளார்க். கணவனை இழந்தவர்களுக்கு வயது வரம்பில் சலுகை உண்டென்று பிரவுசிங் சென்டர் ரெஹானா சொல்லித்தான் பரீட்சை எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது முறை. முப்பத்துநான்கு வயதில். காலையில் பாடம், பத்திலிருந்து ஏழு வரை மருந்துக்கடையில் பில் போடுவது, நடுவில் மகள் நித்திலாவின் பள்ளிக்கூடம் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஜூலை ஒன்றாம் தேதி தேன்கனிக்கோட்டைக் கிளையில் சேர வேண்டும். ரெஹானாதான் கடிதத்தைக் கணினியில் திறந்து கடைசிவரை படித்தாள். பதினோராவது நிபந்தனையில் நின்றாள்.

"அக்கா, சிபில் ஸ்கோர் 650 இருக்கணும்னு போட்டிருக்கு. உங்களுக்கு எவ்வளவு?"

"எனக்கு எங்கடி ஸ்கோர்? நான் லோனே வாங்கலையே."

பான் நம்பர் போட்டுப் பார்த்தாள். 583.

ஏப்ரல் 19

நித்திலாவிடம் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன். மழைக்கோட்டு வாங்கித் தருவாயா என்று கேட்டாள்.

ஏப்ரல் 21

ரிப்போர்ட் எட்டுப் பக்கம். ரெஹானா ஒவ்வொன்றாக விளக்கினாள். என் பெயரில் இரண்டு கடன்கள். இரண்டிலும் முதல் ஆள் அவர், என் கணவர் குணசீலன். நான் கூட்டுக் கடன்தாரர்.

முதலாவது தெரிந்ததுதான். ஒன்றரை லட்சம். அவர் போன பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். பாக்கியில் முப்பத்துநாலாயிரத்தைத் தள்ளுபடி செய்து, இருந்ததை வாங்கிக்கொண்டு முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிக் குறைத்து முடித்தால் ரிப்போர்ட்டில் அது முழுதாக அடைத்த கடனாக நிற்காதாம். 'செட்டில்டு' என்று ஒரு சொல் நிற்குமாம். அந்தச் சொல்லே ஸ்கோரை இழுத்துப் பிடிக்கும் என்றாள் ரெஹானா.

இரண்டாவது நாற்பதாயிரம். அவர் போவதற்கு ஐந்து மாதம் முன்பு, செப்டம்பரில் வாங்கியது. வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி. இன்றுவரை நிலுவை. இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அவருடைய பழைய போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் இருக்கிறது. கடன்காரர்கள் தொல்லை தாங்காமல் என் நம்பரை மாற்றினேன். அவருடையதை மாற்றக் கை வரவில்லை. தினமும் காலை ஒன்பது ஐந்துக்கு அதில் பதிவு செய்த பெண் குரல் ஒன்று வரும். "மதிப்பிற்குரிய குணசீலன் அவர்களே, உங்கள் தவணை நிலுவையில் உள்ளது." முடிந்துபோன முதல் கடனுக்குத்தான் தவறுதலாக அடிக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுத்ததில்லை. அந்தப் பெயரை வேறு யாரும் இப்போது இந்த வீட்டில் சொல்வதில்லை.

ஏப்ரல் 26

வங்கியின் வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு மேடம் எடுத்தார். அவருக்கு இது பழகிய கேள்வி.

"650 இல்லைன்னா, ரெண்டு கம்பெனிகிட்டயும் பாக்கி இல்லைன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா. ஸ்கோரோ லெட்டரோ, ரெண்டுல ஒண்ணு வேணும். இல்லாம வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"டைம் கேட்டா குடுப்பீங்களா மேடம்?"

"லிஸ்ட்ல உங்களுக்கு அடுத்து ஆள் இருக்காங்கம்மா."

மே 2

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். 'பதினைந்தே நாளில் ஸ்கோர் 750.' அழைத்தேன். அரவிந்த் என்றான். மரியாதையாகப் பேசினான். சிபிலுக்குள்ளே அவர்களுக்கு ஆள் இருக்கிறாராம், நிலுவையை அழித்துவிடுவார்களாம். மொத்தம் எட்டாயிரம், முன்பணம் மூவாயிரம். ரெஹானாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

கடையில் இன்று இரண்டு பில் தப்பாகப் போட்டேன்.

மே 6

மத்தியானம் அரவிந்த் கூப்பிட்டான். கடையில் கூட்டமில்லை.

"மேடம், வேலை ஆரம்பிச்சாச்சு. உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அத மட்டும் சொல்லுங்க."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆறு இலக்கம் வந்திருந்தது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவன் ஹலோ, ஹலோ என்றான். வைத்துவிட்டேன். அதன் பிறகு பதினொரு முறை அழைத்தான். பிறகு திட்டி ஒரு மெசேஜ். மூவாயிரம் போயிற்று.

சாயங்காலம் ரெஹானாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நம்பர சொல்லாம விட்டீங்களே, அதுவே பெரிசு. சொல்லியிருந்தா உங்க பேர்ல இன்னொரு லோன் எடுத்திருப்பான். எப்படிக்கா சுதாரிச்சீங்க?" என்றாள்.

மழை வரும்போல இருக்கிறது, துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

மே 7

அவர் அப்படித்தான் கேட்டார். "சுபத்ரா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு." நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை பிசுபிசுவென்றிருந்தது. புறங்கையால் போனைத் திருப்பி வைத்துப் படித்துச் சொன்னேன். ஆறு இலக்கம். எதற்கு என்று கேட்கவில்லை.

முதல் கடனுக்கு ஒரு தடவை. செப்டம்பரில் ஒரு தடவை. ஆக, இரண்டாவது கடனைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று ஏப்ரலில் எழுதியது முழுக்கச் சரியில்லை.

மே 13

இரண்டரைப் பவுன் சங்கிலியை விற்றேன். அடகு வைத்தால் அது இன்னொரு கடனாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

முதல் கம்பெனிக்குப் போய், அன்று தள்ளுபடி செய்த முப்பத்துநாலாயிரத்தை நானே கட்டுகிறேன் என்றதும் அங்கிருந்த பையன் மேலாளரை அழைத்து வந்தான். யாரும் திரும்பி வந்து கட்டியதில்லையாம். தண்ணீர் கொடுத்தார்கள். பத்து நாளில் கடிதம் வரும், 'செட்டில்டு' என்பதை 'க்ளோஸ்டு' என்று மாற்றிவிடுவார்கள்.

மே 20

இரண்டாவது கம்பெனிக்கு இங்கே ஓசூரில் இருந்த கிளையை மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்த பெண் கணக்குச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தாள். அபராதம் எல்லாம் சேர்த்து அறுபத்தோராயிரம். இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் அபராதத்தைக் குறைக்க எழுதிப் போடுகிறேன் என்றாள்.

வெளியே மர நிழலில் நின்று சீட்டைப் படித்தேன்.

அவர் இறந்தது இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி எட்டு. செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று இருபது. பைபாஸில் லாரி.

சீட்டில் மார்ச் ஐந்தாம் தேதி ஒரு தவணை கட்டப்பட்டிருக்கிறது. ரொக்கம். ஏப்ரல் ஐந்து, ரொக்கம். மே, ஜூன், ஜூலை. ஐந்து தவணைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, செலுத்தியவர்: குணசீலன்.

திரும்பவும் உள்ளே போனேன். "இது யார் கட்டினது?"

அவள் திரையைப் பார்த்தாள். "கஸ்டமரேதான் வந்து கட்டியிருக்காரு மேடம்."

மே 22

மார்ச் ஐந்து என்றால் அவர் போய் இருபத்தைந்தாம் நாள். அன்று நான் அவர் சட்டைகளை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துக்கொண்டிருந்திருப்பேன். அதே நேரத்தில் யாரோ ஒருவர் கவுண்டருக்குப் போய் நின்று, தன் பெயர் குணசீலன் என்று சொல்லியிருக்கிறார்.

மே 24

காலை ஏழு நாற்பதுக்கு கேட் கொக்கி விழும் சத்தம் கேட்டது. அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். மேல் வீட்டுக்காரர் நடைப்பயிற்சிக்குப் போகிறார் என்று தெரியும். தினமும்தான் கேட்கிறது. ஆனாலும் இன்று எட்டிப் பார்த்தேன். மேல் வீட்டுக்காரர்தான்.

மே 25

ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். இரண்டாவது கடனில் அவர் கொடுத்த அலுவலக முகவரி ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை சிப்காட் தொழிற்பேட்டையில். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நாளை கடை லீவு. போய்ப் பார்க்கிறேன்.

மே 26

மோட்டார் காயில் கட்டும் கடை. வாசலில் பிரித்துப்போட்ட தண்ணீர் மோட்டார்கள், உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு பெஞ்சு. காப்பர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் பெயர் சொல்லும் முன்பே எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா. குணா சம்சாரம்தானே? சாவுக்கு வந்திருந்தேன். தெருமுனையில நின்னுட்டுப் போயிட்டேன்."

அவர் பெயர் முனிராஜ். டீ சொல்லி அனுப்பினார். நான் கணக்குச் சீட்டை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான்தாம்மா கட்டினேன்."

"அவர் பேர் இருக்கே அண்ணா."

"கவுண்டர்ல பேர் கேட்டாங்க. கடன் யார் பேர்ல இருக்கோ அதச் சொன்னேன். அஞ்சு மாசம் கட்டினேன். அப்புறம் என் வீட்டுக்காரிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். நின்னுபோச்சு. உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

நீங்கள் எதற்காகக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"அன்னிக்கு செவ்வாக்கிழமை. பேரண்டப்பள்ளியில ஒருத்தருக்கு மோட்டார் குடுக்கணும். நான் போறதா இருந்தேன். இடுப்பு வலி. 'குணா, நீ வண்டியில வெச்சு எடுத்துட்டுப் போயிடு'ன்னேன். நான்தாம்மா அனுப்பினேன்."

டீ வந்தது. குடிக்கச் சொன்னார்.

விபத்துக்கு எட்டு மாதம் முன்பு, ஜூனிலேயே தொழிற்சாலையில் நாற்பது பேரை நிறுத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து பிப்ரவரி வரை அவர் தினமும் காலை எட்டு மணிக்கு இந்தக் கடைக்கு வந்திருக்கிறார். இந்த பெஞ்சில்தான் உட்காருவாராம். வேலை இருந்தால் முனிராஜ் ஏதாவது கொடுப்பார். இல்லாத நாளில் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய்விடுவார். மாதக் கடைசியில் வீட்டுக்குச் சம்பளம் என்று கொடுத்தது இந்தக் கடன்களிலிருந்து.

"நான் எத்தனையோ தடவ சொன்னேன், வீட்ல சொல்லிடு குணான்னு. சொல்றேன் சொல்றேன்னுவாரு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அக்டோபர்ல ஒருநாள் ஓடி வந்தாரு. பூங்காவுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தப்ப நீங்க பாத்துட்டீங்கன்னு. பாத்துட்டு, கூப்பிடாம திரும்பிப் போயிட்டீங்கன்னு. ரெண்டு நாள் வீட்டுக்குப் போகவே பயந்தாரு. நீங்க ஒண்ணும் கேக்கல. அப்ப சொன்னாரு, 'அவ கேக்காம இருக்கறதே எனக்குப் பெரிய உதவி முனிராஜு.' ஒரு மாசம் போச்சு. 'கேட்டுட்டா தேவலை'ன்னாரு."

"இல்லண்ணா," என்றேன். "நான் பாக்கல. வேற யாரையோ பாத்திருப்பாரு."

அவர் தலையசைத்தார். "அப்படித்தான் இருக்கும்மா."

மே 27

பார்த்தேன்.

ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொன்னதால் ஏரிக்கரை வழியாகத் திரும்பி வந்தேன். பன்னிரண்டரை மணி. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். எலுமிச்சைச் சாதம். நான்தான் கட்டிக் கொடுத்தது. கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கவளம் வைத்தார்.

நான் வாகை மரத்துக்குப் பின்னால் நின்றேன். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டேன். அவர் பார்க்கவில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல "இன்னிக்கு வேலை எப்படி?" என்று கேட்டேன். "ஓவர்டைம் குடுக்கறேன்னு சொல்றாங்க" என்றார். நல்லது என்றேன். அதற்குப் பிறகும் தினமும் கேட்டேன். ஒருநாள்கூட விடவில்லை. ஒருநாள் அவராகவே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லாதபோது கோபம் வந்தது. கோபத்தை எப்படிக் காட்டினேன் என்று எழுத விருப்பமில்லை.

மே 29

எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், யார் யாரிடம் கடன் கேட்கப்பட்டது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஜனவரி 17-ல் ஒன்று, 18-ல் இரண்டு. மூன்றும் கிடைக்கவில்லை.

ஜனவரி 16, பொங்கல் முடிந்த மறுநாள், நித்திலாவுக்குத் தங்கத் தோடு வேண்டும் என்று கேட்டேன். வேலை இல்லை என்று தெரிந்தே கேட்டேன். "வாங்கிடலாம்" என்றார். பதினேழாம் தேதி சாயங்காலம் அவர் "ஒரு நம்பர் வந்திருக்கும்" என்றார். சொன்னேன். மறுநாளும் கேட்டார். இரண்டு நம்பர். சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் இருந்தார்.

ஜூன் 5

கிருஷ்ணகிரியிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். அபராதத்தைக் குறைத்துவிட்டார்கள். முப்பத்தாறாயிரம் கட்டினால் போதும். நல்ல பெண். நித்திலாவின் யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தேன்.

ஜூன் 8

கட்டிவிட்டேன். ரசீதில் செலுத்தியவர் பெயர் என்ன என்று கேட்டாள். சுபத்ரா என்றேன். குணசீலன் மனைவி என்றும் போடச் சொன்னேன். அதற்கு இடமில்லை என்றாள்.

திரும்பும் வழியில் முனிராஜ் கடையில் இறங்கி, அவர் கட்டிய ஐந்து தவணைப் பணத்தைக் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அத வாங்கினா எனக்கு ஒண்ணும் மிச்சமிருக்காதும்மா. விட்டுடுங்க."

வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது, "அண்ணா, நான் அன்னிக்கு அவரப் பாத்தேன்" என்றேன்.

"தெரியும்மா," என்றார்.

ஜூன் 12

இன்று ஒன்பது ஐந்துக்குப் போன் அடிக்கவில்லை. ஒன்பதரை வரை அடுக்களையிலேயே நின்றேன். கடைக்குத் தாமதம்.

ஜூன் 24

இரண்டு கடிதமும் வந்துவிட்டன. ஸ்கோர் பார்த்தோம். 641. ரெஹானாவுக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒன்பதுதானேக்கா என்கிறாள். அவசரத்தில் ஏறாதாம். இனி தவறாமல் இருந்தால் ஆறு மாதத்தில் ஏறும் என்கிறாள். கடிதங்களை நம்பித்தான் போக வேண்டும்.

ஜூன் 27

வட்டார அலுவலகம். போனில் பேசிய அதே மேடம். நேரில் சின்ன வயது. கடிதங்களை இரண்டு முறை படித்தார். ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு லோனுமே வீட்டுக்காரர் எடுத்தது. எதுக்கும்மா?"

"அவருக்கு வேலை போயிடுச்சு மேடம். வீட்டுச் செலவுக்கு."

"உங்களுக்குத் தெரியாம எடுத்தாரா? அப்படின்னா ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க, ஃபைலுக்கு நல்லது. நெறைய பேர் அப்படித்தான் எழுதறாங்க."

வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். தெரியாது என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை.

"தெரியும் மேடம்," என்றேன். "நம்பர் என் போனுக்குத்தான் வந்துச்சு. நான்தான் சொன்னேன்."

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கடிதங்களில் முத்திரை குத்தினார். "ஒண்ணாந்தேதி பத்து மணிக்குள்ள இருக்கணும். பஸ்ஸு லேட்டுன்னு சொல்லக் கூடாது."

ஜூன் 30

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் உலை வைத்துவிட்டு நித்திலாவை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். பத்து வயதாகிறது. வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா கடைசி எட்டு மாசம் வேலைக்குப் போகல நித்தி. கம்பெனில நிறுத்திட்டாங்க. நம்மகிட்ட சொல்லல. எனக்கு நடுவுல தெரிஞ்சுபோச்சு. நானும் கேக்கல."

அவள் அரிசி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அப்பா ஸ்கூலுக்கு வருவாரு. மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிச்சதும். கம்பிக்கு அந்தப் பக்கம் நிப்பாரு. கொய்யாக்கா நீட்டுவாரு, மொளகாத்தூள் போட்டு. லீவான்னு கேட்டேன். ஆமா, அம்மாகிட்ட சொல்லாத, நம்ம ரெண்டு பேருக்குள்ளன்னாரு."

"எத்தனை தடவ வந்தாரு?"

"நெறைய."

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லவே இல்ல? அப்பா போனதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

மூடியைத் திருகுவதை நிறுத்தினாள்.

"நீ கேக்கவே இல்லையேம்மா."

அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கேட்டேன். எந்தச் சட்டை போட்டிருப்பார், எவ்வளவு நேரம் நிற்பார், என்ன பேசுவார், கொய்யாவில் அவருக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொள்வாரா, போகும்போது திரும்பிப் பார்ப்பாரா. அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துச் சொன்னாள். சிலது நினைவில்லை என்றாள். கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாராம். பதினாறாம் வாய்ப்பாட்டில் அவருக்கே தடுமாறுமாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு வருடத்தில் அவரைப் பற்றிப் பேசி இந்த வீட்டில் சிரித்தது இதுதான் முதல் தடவை.

சோறு குழைந்துவிட்டது. அதையே பிசைந்து சாப்பிட்டோம்.